கரி படியாத இடம்

சுவர் முழுக்கக் கரி. அலமாரி நின்றிருந்த இடம் மட்டும் அலமாரி அளவுக்கே பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அந்த எரிந்த வீட்டில் அவளை முதலில் உறுத்தியது இந்தச் சுத்தம்தான்.

"பொருள் மறைச்ச இடத்துல புகை படியாதும்மா," என்றார் கூட வந்த கொத்தனார். "தேய்ச்சுப் பூசிட்டா ஒண்ணும் தெரியாது. சுவர் கெட்டியாத்தான் இருக்கு."

மலிவாக விலைக்கு வந்த இந்த வீடு கணவனுக்குப் பிடித்துவிட்டது. முடிவை மட்டும் அவளிடம் விட்டிருந்தான். "நீ சரின்னா சரி."

வாடகை வீடுகளில் ஓர் ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது. மகள் சிட்டு கிறுக்கிய சுவரையெல்லாம் ஒவ்வொரு முறை காலி செய்யும்போதும் வெள்ளையடித்துக் கொடுத்தாயிற்று. இது அமைந்தால் பிள்ளை ஆசை தீரக் கிறுக்கலாம். அதை நினைத்துத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு அறை அறையாக நடந்தாள்.

மழையில் ஊறிய கரியின் புளித்த வாடை தொண்டைக்குள் இறங்க, காலடியில் கண்ணாடிச் சில்லுகள் நொறுங்க, கூரையிலிருந்து எங்கோ ஒரு சொட்டு விழுந்துகொண்டேயிருக்க, சாயங்கால வெளிச்சம் கருகிய ஜன்னல் வழியே தயங்கித் தயங்கி உள்ளே வந்து, கட்டில் கிடந்த இடம், கடிகாரம் மாட்டிய இடம், நாற்காலியின் முதுகு என்று ஒவ்வொன்றையும் வெள்ளை வெள்ளையாகக் காட்டிக்கொடுத்தது. சிட்டு முன்னால் எங்கோ ஓடிக்கொண்டிருந்தாள். அவள் சிரிப்பு மட்டும் கேட்டது.

கடைசி அறைச் சுவரில் உயரம் குறைந்த ஒரு வெள்ளை. அவள் இடுப்பு உயரம்தான் இருக்கும். உருண்டையாக ஒரு தலை. தூக்கச் சொல்வதுபோல் நீண்ட இரண்டு கைகள்.

அவள் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

"இங்க யாரும் சாகலைன்னுதானே தரகர் சொன்னாரு?"

"எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. அது ஏதாவது பொம்மையா இருக்கும்," என்றான் கணவன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ம்பாங்க. உனக்கு வெளுத்ததுகூடப் பேய்தான்."

கொத்தனார் சிரிக்கவில்லை. வெளியே ஜன்னலை அளக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நழுவினார்.

அவள் இன்னொரு முறை பார்த்தாள். விரல்கள்கூடத் தெரிந்தன. பொம்மைக்கு ஏது இத்தனை விரிந்த விரல்கள்?

"வேண்டாங்க. எனக்குப் பயமா இருக்கு. என் பிள்ளைய இதுக்குள்ள வளர்க்க மாட்டேன்."

அவன் பெருமூச்சு விட்டான். "சரி, விடு. சிட்டுவைக் கூட்டிட்டு வா." வாசலுக்குப் போனான்.

கூடத்தில் நின்று கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். சிட்டுவின் சிரிப்பு நின்றிருந்தது.

கடைசி அறையிலிருந்து சின்னக் காலடிகள் ஓடிவந்தன. இருட்டில் இரண்டு கைகள் அவளை நோக்கி நீண்டன. அள்ளித் தூக்கிக்கொண்டாள். பிள்ளை கழுத்தில் முகம் புதைத்துக்கொண்டது. உடம்பு காய்ச்சல்போலக் கொதித்தது. புகை வாடை. இந்த வீட்டுக்குள் ஓடியாடினால் வாடை வரத்தானே செய்யும்.

நிலைப்படியில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கடைசி அறைக் கதவு திறந்திருந்தது. அந்த வெள்ளை உருவம் இருந்த எதிர்ச்சுவர் தெரிந்தது.

முழுக்கக் கருப்பு.

வெளிச்சம் போய்விட்டது, அவ்வளவுதான், என்று சொல்லிக்கொண்டாள். கணவன் கதவைப் பூட்டிவிட்டு வண்டியை எடுக்கப் போனான். அவளும் படி இறங்கினாள்.

பூட்டிய கதவுக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அம்மா. நான் ஒளிஞ்சிருக்கேன். தேடும்மா."

சிட்டுவின் குரல்.

படியிலேயே நின்றுவிட்டாள். இடுப்பில் இருந்ததன் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

"என்ன நின்னுட்டே? மனசு மாறிடுச்சா?" வண்டிச் சத்தத்துக்கு மேலே கணவன் கேட்டான்.

அவள் வாயைத் திறந்தாள். காதருகே சூடான மூச்சு பட்டது.

"வேண்டாம்னே சொல்லிடும்மா."

உள்ளேயிருந்து மறுபடி, இந்த முறை அழுகையோடு, "அம்மா" என்று கேட்டது.

அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தின் சூட்டோடு, இரண்டு சின்ன உள்ளங்கைகள் அவள் காதுகளை மெதுவாகப் பொத்தின.