முன்னால் நின்ற இரண்டு எழுத்து

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், செல்லங்களா. கடற்காற்று வீசுகிற கதை இது. தள்ளி உட்கார்ந்தால் பாதி காதில் விழாது. திரேஸ்புரம் கடற்கரையில் ஒரு சிறுமி, தன் வாயிலிருந்து போன சொல்லைத் திருப்பிப் பிடிக்க ஓடினாள். அதைச் சொல்கிறேன்.

அவள் பெயர் ஜாஸ்லின். ஐந்தாம் வகுப்பு. மறுநாள் பள்ளியில் ஆங்கிலத் தேர்வு. 'ஐ', 'என்' என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும் சொற்களைப் பொருளோடு சொல்ல வேண்டும்.

அவளுக்கு அது பாயசம் குடிப்பதுபோல இருந்தது. விசிபிள் என்றால் கண்ணுக்குத் தெரிவது. இன்விசிபிள் என்றால் தெரியாதது. கரெக்ட் என்றால் சரி. இன்கரெக்ட் என்றால் தவறு. முன்னால் 'இன்' வந்து நின்றால் பொருள் தலைகீழ். அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் மேற்கேயிருந்து கச்சான் காற்று மணலை வாரி அடித்தது. ஜாஸ்லினின் அத்தை விக்டோரியா கடற்கரையில் டீ விற்பவள். அவள் ஸ்டவ்வைப் பற்றவைப்பதும் அது அணைவதுமாக இருந்தது.

"இது ஆவாது. கொட்டகைக்குள்ள கொண்டு வைக்கேன்," என்றாள் அத்தை.

கொட்டகைக்குள் பழுதான ஃபைபர் படகு ஒன்று கிடந்தது. அதைச் சரிசெய்யும் செல்வதுரை, சாமான் வாங்க மில்லர்புரம் போயிருந்தார். அவருடைய பெரிய டின் ஒன்று மூலையில் இருந்தது. ஒட்டியிருந்த காகிதம் கிழிந்து, ஒரே ஒரு ஆங்கிலச் சொல்தான் மிச்சம். மூக்கில் சுள்ளென்று ஏறும் வாடை வேறு.

"ஏளா ஜாஸ்லின், இதுல என்ன போட்டிருக்கு? பக்கத்துல அடுப்பு வைக்கலாமா?"

ஜாஸ்லின் எழுத்துக் கூட்டினாள். "இன்... ஃபிளே... மபிள். இன்ஃபிளேமபிள்."

பாடத்தில் அந்தச் சொல் இல்லை. ஆனால் ஃபிளேம் என்றால் தீக்கொழுந்து என்று அவளுக்குத் தெரியும்.

"முன்னால இன் இருக்குல்லா அத்தை. அப்ப தீப்பிடிக்காதுன்னு அர்த்தம்."

"பாத்தியாலே, என் மருமக இங்கிலீஷ் வாசிக்கிறத," என்றாள் அத்தை, டீக்குக் காத்திருந்த இசக்கிராஜாவிடம்.

"கலெக்டர் ஆயிருவா போலயே," என்றபடி அவன் கொட்டகை வாசலில் தார்ப்பாயை இழுத்துவிட ஆரம்பித்தான்.

ஜாஸ்லினுக்குப் பெருமை தாங்கவில்லை.

"சீனி தீந்துட்டு. தம்பியக் கூட்டிட்டுப் போயி அண்ணாச்சி கடையில வாங்கியா. அதுக்குள்ள தண்ணி கொதிச்சிரும்," என்றாள் அத்தை.

சீனி வாங்கித் திரும்பும்போது, தம்பி பெவின் யோசனையோடு நடந்து வந்தான். அவனுக்கு ஆறு வயது. ஊசி என்றாலே நடுங்குவான்.

"அக்கா, இன் வந்தா இல்லைன்னுதான அர்த்தம்?"

"ஆமா."

"அப்ப இன்ஜெக்‌ஷன்னா ஊசி கிடையாதுன்னுதான? ஆஸ்பத்திரியில நான் சொல்லிருவேன்."

ஜாஸ்லின் சிரித்தாள். "போலே. இன்ஜெக்‌ஷன்னா ஊசி போடுறதுதான். மருந்த உள்ள ஏத்துறது."

சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

உள்ளே. இன்சைடு என்றாலும் உள்ளேதான். இந்த 'இன்' எதையும் இல்லை என்று சொல்லவில்லையே. அப்படியானால் அந்த டின்னில் இருப்பது?

உள்ளே தீ.

சீனிப் பொட்டலத்தைத் தம்பி கையில் திணித்தாள்.

"நீ இங்கனயே நில்லு. கொட்டகைப் பக்கம் வராத."

ஓடினாள். மணலில் கால் புதைந்தது. காற்று முகத்தில் அடித்துப் பின்னால் தள்ளியது. "அத்தை, பத்த வைக்காதீங்க," என்று கத்தினாள். அந்தக் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

கொட்டகை வாசலில் தார்ப்பாய் இறுகக் கட்டியிருந்தது. இடுக்கு வழியே பார்த்தாள். தார்ப்பாயைக் கட்டி முடித்து, அப்போதுதான் ஸ்டவ்வின் முன்னால் உட்கார்ந்திருந்தாள் அத்தை. ஒரு கையில் தீப்பெட்டி, இன்னொரு கையில் குச்சி.

தார்ப்பாய் படபடவென்று அடிக்கும் சத்தத்தில் கூப்பிட்டுப் பயனில்லை. ஜாஸ்லின் கயிற்றின் சுருக்கைப் பிடித்து இழுத்தாள். தார்ப்பாய் மேலே பறந்தது. மணலும் காற்றும் மொத்தமாக உள்ளே பாய்ந்தன. தீப்பெட்டி தெறித்து விழுந்து, குச்சிகள் சிதறின.

"ஏளா, கிறுக்கா புடிச்சிருக்கு? கண்ணெல்லாம் மண்ணு."

"பத்த வைக்காதீங்க அத்தை. வெளிய வாங்க."

"நீதானளா தீப்பிடிக்காதுன்ன?"

இசக்கிராஜாவும் அவளையே பார்த்தான். பாம்பு என்று சொல்லிவிடலாமா? ஜாஸ்லினுக்கு ஒரு நொடி அப்படித் தோன்றியது. ஆனால் பாம்பைத் தேடிப் பார்த்துவிட்டு அத்தை மறுபடியும் குச்சியைப் பொறுக்குவாள்.

"அந்த வார்த்தை எனக்குத் தெரியாது அத்தை," என்றாள். "தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

"கலெக்டர் வேலை போச்சா?" என்று இசக்கிராஜா சிரித்தான்.

அத்தை சிரிக்கவில்லை. மூலையில் இருந்த டின்னை ஒருமுறை பார்த்தாள். ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

கொஞ்ச நேரத்தில் செல்வதுரையின் பைக் வந்து நின்றது. வாசலில் ஸ்டவ்வைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. உள்ளே ஓடி, டின்னைத் தொட்டுப் பார்த்தார். மூடி தளர்ந்து கிடந்தது.

"இது பெயின்டக் கரைக்கிற தின்னரும்மா. நெருப்பைக் கண்டா பத்திக்கிடும். சரியா மூடாம போனது என் தப்பு. இந்த வாடையில ஒரு குச்சி கிழிச்சிருந்தா..." அவர் சிதறிக் கிடந்த குச்சிகளைப் பார்த்தார். "நல்ல வேளை, வெளிய வச்சிய. யாரு சொன்னா?"

அத்தை ஜாஸ்லினை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள்.

"என் மருமகதான். தெரியாததத் தெரியாதுன்னு வந்து சொன்னா. அதான் பொழைச்சோம்."

இசக்கிராஜா குனிந்து மணலில் கிடந்த தீக்குச்சிகளைப் பொறுக்கினான்.

செல்வதுரை டின்னை இறுக மூடி, மீன்பெட்டிகளுக்கு அப்பால் தள்ளி வைத்தார். சிவப்புப் பெயின்டையும் தூரிகையையும் ஜாஸ்லினிடம் நீட்டினார்.

"எல்லாருக்கும் புரியுத மாதிரி நீயே எழுதும்மா."

ஜாஸ்லின் மண்டியிட்டு உட்கார்ந்தாள். தமிழில், தூரத்திலிருந்தும் தெரியும்படி பெரிதாக எழுதினாள்: 'தீப்பிடிக்கும்'.

கதை முடிந்தது, கண்ணுகளா. உங்கள் வீட்டில் அடுப்பு நாள் தவறாமல் எரியட்டும். அதன் நெருப்பு அடுப்பை விட்டு இறங்காமல் இருக்கட்டும். சாப்பிட வருகிறவர்களால் வீடு நிறையட்டும்.