பூஜ்யத்துக்குக் கீழே ஒரு சத்தம்

வால்யூம் பட்டையை இடது ஓரம்வரை இழுத்துவிட்டாள். கையிலிருந்த போன் பூஜ்யம் என்று காட்டியது. ஆனால் படுக்கையறைக்குள் 'ஷ்ஷ்... ஷ்ஷ்...' நிற்கவில்லை.

மெல்லிய சத்தம்தான். ஜன்னலுக்கு வெளியே காலையிலிருந்து நசநசவென்று தூறிக்கொண்டிருந்த மழையோடு கலந்துபோகிற அளவுக்கு மெல்லியது. நிஜமாகவே கேட்கிறதா, இல்லை காதுக்குள்ளேயே ஓடுகிறதா என்று அவளுக்கே சந்தேகம் வந்து, சாத்தியிருந்த கதவுக்கு வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள். கேட்டது. முதலில் எரிச்சல்தான் வந்தது. இந்த வாரக் கடைசியில் வெளியாகப்போகிற செயலி. அதில் வால்யூம் பகுதி முழுக்க முழுக்க அவள் எழுதியது. தான் எழுதியதே தன் பேச்சைக் கேட்காவிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது அவள் குழந்தை. வீட்டில் அதற்கு உருண்டை என்று பெயர். உருண்டை பிறந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் ஒழுங்காகக் கண்ணை மூடியதில்லை. தோளில் போட்டால் தூங்கும், கீழே விட்டால் வீட்டை இரண்டாக்கும். அப்பாக்காரனுக்குத் தூரத்தில் பாலம் கட்டுகிற இடத்தில் வேலை. வார இறுதியில் வந்து, குறட்டை விட்டுவிட்டுப் போய்விடுவான். நாத்தனார் ஆசையாகத் தூக்கினாலும் ஊரைக் கூட்டிவிடும். அம்மாவைத் தவிர வேறு யாரிடமும் அது கை நீட்டியதே கிடையாது. அதில் அவளுக்குச் சலிப்பு பாதி, பெருமை பாதி.

அந்தச் சலிப்பில் பிறந்ததுதான் இந்தச் செயலி. பழைய போன் ஒன்று குழந்தைக்குப் பக்கத்தில் இருந்து ஒலிக்கும். அம்மா எங்கே இருந்தாலும் தன் கையிலுள்ள போனிலிருந்து அதன் சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், அறைக்குள் என்ன நடக்கிறது என்று கேட்கலாம். பாட்டு எதுவும் இல்லை. போர்வைக்குள் புகுந்துகொண்டு அவளே பதிவு செய்த 'ஷ்ஷ்... ஷ்ஷ்...' மட்டும்தான் திரும்பத் திரும்ப ஓடும். ஓடத் தொடங்கியதிலிருந்து உருண்டை பகலிலும் அடித்துப்போட்டமாதிரி தூங்கியது. அவள் கூடத்து மேசையில் உட்கார்ந்து நிம்மதியாக வேலை பார்த்தாள். அலுவலகத்தில் ஆளாளுக்குத் தட்டிக்கொடுத்தார்கள். குழந்தையை மடியில் போட்டு நாளாகிவிட்டதே என்று எப்போதாவது நெஞ்சில் சுருக்கென்றிருக்கும். அடுத்த நிமிடம் அதை மறந்துவிடுவாள்.

அலுவலகத்தில் செயலிகளைச் சோதித்துப் பார்க்கிறவனுக்குப் போன் போட்டாள். அவன் கையில் எந்தப் பிழையும் தப்பாது என்பதால் எல்லோருக்கும் அவன் சல்லடை. பூஜ்யத்தில் வைத்தாலும் சத்தம் வருகிறது என்று அவள் சொன்னதும் அவன் சிரித்தான். தன்னிடமுள்ள ஒரு போனிலும் அப்படி இல்லை, தூக்கம் இல்லாத தாய்மார்களுக்குக் காதுக்குள் வண்டுகூட ரீங்காரமிடும் என்று கிண்டலடித்தான். இருந்தாலும், அறைச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் பதிவு செய்து அனுப்பச் சொன்னான். பட்டையை மேலும் கீழும் இழுத்தபடியே அவள் பதிவு செய்து அனுப்பினாள்.

திரும்ப அழைத்தபோது அவன் குரலில் கிண்டல் கொஞ்சம் குறைந்திருந்தது.

"தாயே, அந்தத் தட்டுற சத்தம் நல்லா இருக்கே. எப்ப சேத்தீங்க?"

"எந்தத் தட்டுற சத்தம்?"

"அதான், முதுகுல தட்டிக்குடுக்கிற மாதிரி. தொப்... தொப்னு. நீங்க வால்யூமக் கூட்டினா அது அடங்கிடுது. குறைச்சா மேல வருது. இதத் தனி டிராக்கா போட்டிருக்கீங்களா?"

அவள் எதையும் சேர்க்கவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்தாள்.

பிறகு, மென்பொருள் எழுதுகிறவர்கள் எல்லோரும் செய்கிற காரியத்தையே அவளும் செய்தாள். பயந்து ஓடவில்லை; இன்னொரு தடவை சோதித்தாள். பட்டையைப் பாதிக்கு ஏற்றினாள். அவளுடைய குரல் அறையை நிரப்பியது, அவளுக்கு நன்றாகத் தெரிந்த குரல், நடுவில் மூச்சு லேசாகத் தடுக்குகிற இடம்கூட அப்படியே இருந்தது. மெல்ல இறக்கினாள். அவள் குரல் தேய்ந்தது, மங்கியது, போயிற்று. அது போன இடத்தில் அடியிலிருந்து இன்னொன்று எழுந்தது. அதே 'ஷ்ஷ்'. ஆனால் இன்னும் நீளம், இன்னும் பொறுமை, எந்த இடத்திலும் மூச்சு தடுக்காத 'ஷ்ஷ்'. கூடவே தொப்... தொப்...

அது நடுவில் ஒரு தடவைகூட மூச்சு இழுக்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

கதவைத் திறந்தாள். பகல் தூக்கத்துக்காகத் தடித்த திரையைப் போட்டு வைத்திருந்ததால் அறை அந்தி மாதிரி மங்கிக் கிடந்தது. பவுடர் வாசனை, பால் வாசனை. அவற்றுக்குக் கீழே, நெடுநாள் மூடிக்கிடந்த அலமாரியைத் திறந்தால் வருகிற ஈரத்துணி வாடை. பெரிய கட்டிலின் நடுவில், இரண்டு பக்கமும் தலையணை அணை கட்டி, உருண்டை குப்புறப் படுத்திருந்தது. வாயோரம் எச்சில் வழிந்து மெத்தையில் சின்ன வட்டமாக நனைந்திருந்தது. பழைய போன் அலமாரித் தட்டில் தன் இடத்தில் கிடந்தது. அவள் அதை எடுத்துக் காதில் வைத்தாள்.

அதில் ஒன்றுமே இல்லை. சுத்தமாக ஒன்றுமே.

சத்தம் கட்டிலிலிருந்து வந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். குழந்தையின் முதுகின் மேல் கிடந்த மெல்லிய போர்வை நடுவில் குழிந்தது. எழுந்தது. மறுபடி குழிந்தது. விரல் விரித்த ஒரு கை அகலத்துக்குக் குழிந்தது. தொப். எழுந்தது. தொப். அவசரமே இல்லை. போன வாரம் தூங்கி எழுந்ததும் உருண்டை சுவர்ப் பக்கம் திரும்பி இரண்டு கையையும் நீட்டியது அவளுக்கு நினைவு வந்தது. தூக்கக் கலக்கத்தில் திசை தெரியாமல் நீட்டுகிறது என்று சிரித்துக்கொண்டே அள்ளிக்கொண்டாள். அப்போது அது அழுதது. ஏன் அழுகிறாய் என்று கேட்டுக் கொஞ்சியிருந்தாள்.

பாய்ந்து போய்க் குழந்தையின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். வரவில்லை. பஞ்சு மூட்டை மாதிரி ஒரு கையில் வருகிற குழந்தை மெத்தையோடு மெத்தையாக அழுந்திக் கிடந்தது. மேலேயிருந்து எதுவோ அமுக்கியது. முரட்டுத்தனமாக இல்லை. தூங்குகிற பிள்ளையை எழுப்பாதே என்று தடுக்கிற அமுக்கல்.

சல்லடை சொன்னது பொறியாகத் தட்டியது. கூட்டினால் அடங்குகிறது.

இடது கை குழந்தையின் நெஞ்சுக்கு அடியில், வலது கையில் போன். கட்டைவிரலால் பட்டையை வலது ஓரத்துக்கு இழுத்தாள். அவள் குரல் அறை அதிர எழுந்தது. ஷ்ஷ்! ஷ்ஷ்! போர்வையிலிருந்த குழி ஆழம் குறைந்தது. இன்னும் குறைந்தது. கனம் விலகியது, குழந்தையின் நெஞ்சு மெத்தையை விட்டுக் கிளம்பியது. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வந்துடும்மா, இதோ வந்துடு, என் கண்ணு.

அப்போது திரையில் பட்டை தானாகவே இடது பக்கம் நகர ஆரம்பித்தது.

அதுவும் அவள் எழுதியதுதான். குழந்தை அசையாமல் கிடந்தால், ஆழ்ந்து தூங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு செயலி தானாகவே சத்தத்தைக் குறைக்கும். குறைக்கும்போது பட்டை பூட்டிக்கொள்ளும். தூங்கி வழிகிற அம்மா கைதவறித் தொட்டு, சத்தம் திடீரென்று ஏறிவிடக் கூடாதே என்று அவளே யோசித்து யோசித்துச் செய்த ஏற்பாடு. அது அரை மணி நேரம் மெல்ல மெல்ல இறங்கும். ஆனால் சோதித்துப் பார்க்க அத்தனை நேரம் யார் காத்திருப்பார்கள்? நேற்று அதை அரை நிமிடமாக்கியிருந்தாள். திரும்ப மாற்ற மறந்துவிட்டாள்.

பட்டையை இழுத்தாள். நகரவில்லை. போனின் பக்கத்துப் பொத்தானை அழுத்தினாள். போனின் வால்யூம் உச்சத்துக்குப் போயிற்று, செயலியின் வால்யூம் அதுபாட்டுக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. இரண்டும் வேறு வேறு என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவளே அவள்தான். செயலியை மூடித் திறந்தாள். நின்ற இடத்திலிருந்தே இறங்கத் தொடங்கியது. அதையும் அவள்தான் எழுதியிருந்தாள். எதையும் விட்டுவைக்காமல் எழுதியிருந்தாள்.

பாதி. கால்.

குழந்தை அவள் கைக்குள் மெல்லக் கனத்தது. நெஞ்சு மெத்தையில் பதிந்தது. அவள் கையும் அடியில் மாட்டிக்கொண்டது.

பூஜ்யம்.

போனைத் தூக்கி எறிந்தாள். கட்டிலில் சரிந்து, குழந்தையோடு ஒட்டிப் படுத்து, அதன் காதருகே வாயை வைத்தாள். ஆப் எதற்கு? பதிவு எதற்கு? வாய் இருக்கிறதே!

"ஷ்ஷ்... ஷ்ஷ்... ஷ்ஷ்..."

கனம் குறைந்தது. உரக்கச் சொன்னாள். இன்னும் குறைந்தது. மாட்டிய கையை மெல்ல உருவினாள். "ஷ்ஷ்... ஷ்ஷ்..." குழந்தையைத் தன் பக்கம் இழுத்தாள். கொஞ்சம் வந்தது. மூச்சு முட்டியது. நெஞ்சு எரிந்தது. ஒரே ஒரு வாய் காற்று வேண்டும். ஒன்றே ஒன்று. இழுத்தாள்.

அந்த இடைவெளியில் அது சொன்னது.

ஷ்ஷ்ஷ்ஷ்...

அவள் மறுபடி தொடங்கினாள். குரல் கம்மியது. இருமல் வந்தது. விட்ட இடத்தையெல்லாம் அது எடுத்துக்கொண்டது. நிதானமாக. பொறுமையாக. அவள் கூடத்தில் வேலை பார்த்த மதியங்களில் எல்லாம் எடுத்துக்கொண்ட மாதிரி.

போர்வையில் குழி நின்றது.

தொப்.

அவள் முதுகில் விழுந்தது.

விரல் விரித்த கை. ஈரம். தொப். தொப். கத்த வாயைத் திறந்தாள், கொட்டாவிதான் வந்தது. வேண்டாம் என்று நினைத்தாள். கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. எத்தனையோ நாள் பாக்கி வைத்த தூக்கம் எல்லாம் ஒன்றாகத் திரண்டு இமையில் ஏறி உட்கார்ந்தது.

பக்கத்தில் உருண்டை புரண்டது. லேசாக, தடையே இல்லாமல் புரண்டது. கண்ணைத் திறந்தது. அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே, அவளுக்குப் பின்னால் பார்த்தது. பல் முளைக்காத ஈறு தெரியச் சிரித்தது.

தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டியது.

ஷ்ஷ்ஷ்ஷ்...

பாதி மூடிய இமைக்கு அடியில், நீட்டிய பிஞ்சுக் கைகளோடு உருண்டை மெத்தையை விட்டு மேலே மேலே எழும்பிப் போவதை அவள் பார்த்தாள்.