இறங்கச் சொன்ன இடம்

மூன்று கடற்கரை ஊர்களைத் தாண்டிவிட்டோம். ஒவ்வொரு ஊரிலும் மாமா காரை நிறுத்தினார், கடலைப் படம் எடுத்தார், எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். அவர் என் அக்காவின் புருஷன். போன கோடையில் இதே வழியில் அக்காவோடு வந்தவர், தனியாகத் திரும்பினார். காட்டைப் பார்க்க இறங்கினாள், வழி தவறிவிட்டாள் என்றார். எல்லோரும் நம்பினார்கள்.

எனக்கு அவரைத் தெரியும். சண்டை வந்தால் காரை ஓரம்கட்டி "இறங்கு" என்பார். அக்கா இறங்குவாள். ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து ஏற்றிக்கொள்வார். சாப்பிடும்போது இதைச் சொல்லிச் சிரிப்பார். வீட்டில் எல்லோரும் கூடச் சிரித்துத் தொலைப்பார்கள்.

அவளை எங்கே விட்டார் என்று அவர் வாயிலிருந்து பிடுங்கத்தான் இந்தப் பயணத்துக்கு வந்தேன்.

காடு சட்டென்று தொடங்கியது. பட்டப்பகலிலேயே ஹெட்லைட்டைப் போட வேண்டியிருந்தது. கட்டிப்பிடிக்க நாலு பேர் வேண்டும்போல மரங்கள். பாசி வாடை ஏசியையும் மீறி உள்ளே வந்தது.

"எந்த இடம் மாமா?"

"எல்லா மரமும் ஒரே மாதிரிதான் இருக்கு. ஞாபகம் இல்லை."

"அவளா இறங்கினாளா, நீங்க இறக்கிவிட்டீங்களா?"

"ஆரம்பிச்சிட்டியா? உங்க குடும்பத்துக்கே வாய்தான்."

"வாய் எங்களுக்கு இருக்கட்டும். பதில் உங்ககிட்டதானே இருக்கு."

ஒரு வளைவில் காரை ஓரம்கட்டினார். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"இறங்கு."

சொன்ன பிறகுதான் எங்கே நிறுத்தியிருக்கிறோம் என்று அவருக்கே உறைத்தது. முகம் வெளிறிவிட்டது.

நான் இறங்கவில்லை. சீட்டில் திரும்பி, எட்டிப் பின்கதவைத் திறந்துவிட்டேன்.

"அக்கா, ஏறிக்கோ."

"லூசா நீ? கதவைச் சாத்து."

சாத்தவில்லை. பூச்சிகளின் இரைச்சல் நின்றது. சருகு மிதிபடும் சத்தம், அவசரமே இல்லாமல், நெருங்கியது.

பின்சீட் அமுங்கியது.

கதவு சாத்திக்கொண்டது.

ஈர மண் வாடை. என் பிடரியில் யாருடைய மூச்சோ பட்டது. பயந்தேன். பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. அது என்னிடமிருந்து மட்டும் வரவில்லை.

மாமா பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியைப் பார்த்தார். பார்வையை எடுக்க முடியவில்லை.

"திரும்பி வந்தேன்டி," என்று கிசுகிசுத்தார். "விடிஞ்சதும் வந்தேன். சத்தியமா."

விடிந்ததும். அப்படியானால் ராத்திரி முழுக்க அவள் இங்கே நின்றிருக்கிறாள்.

பின்னாலிருந்து ஒரே ஒரு சொல். அக்காவின் குரல்தான், வாய்க்குள் மண் இருப்பதுபோல.

"இறங்கு."

அவர் இறங்கினார். சாவியைக்கூட எடுக்கவில்லை. மரங்களுக்கு நடுவே நடந்துபோனார், யாரோ தோளில் கைபோட்டு அழைத்துப்போவதுபோல.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பின்சீட் எழும்பியது.

டிரைவர் சீட்டின் பெல்ட் மெல்ல இழுபட்டுப் பூட்டிக்கொண்டது. கார் கிளம்பியது.

காட்டைத் தாண்டிக் கடல் கண்ணில் படும்வரை, நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.