ஏரித்திட்டின் ஆடும் கல்

கல் ஒரே ஒரு தடவைதான் சத்தம் போட்டது.

ஈஷ்பெல் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்திக் காது கொடுத்தாள். டிசம்பரில் அந்த வடகோடித் தீவில் தேநீர் வேளைக்கே இருட்டிவிடும். ஜன்னலுக்கு வெளியே ஏரியும் வானமும் ஒரே சாம்பல் துணியாகக் கிடக்க, நடுவில் கோட்டைத்திட்டு மட்டும் கவிழ்த்த சட்டிபோல் கறுத்துத் தெரிந்தது. டொக். அவ்வளவுதான். போகிறவன் மிதித்தால் ஒன்று, திரும்புகிறவன் மிதித்தால் இன்னொன்று கேட்க வேண்டும். நேற்றும் ஒன்றுதான். முந்தாநாளும் ஒன்றுதான். கணக்கு இடிக்கிறது என்றால் யாரோ ஏய்க்கிறான் என்று அர்த்தம். யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அந்தத் திட்டு எந்த அரசனுக்கும் முந்தியது. ஏரிக்குள் கல்லைக் கொட்டி மேடாக்கி, ஆள் உயரத்துக்கு மேல் மதில் எழுப்பி யாரோ வாழ்ந்திருக்கிறார்கள். கரையிலிருந்து அங்கே போக, தண்ணீருக்கடியில் ஒரு கல்பாதை. நேராகப் போகாது, பாதியில் வெட்டித் திரும்பும், தெரியாதவன் குப்புற விழட்டும் என்று. அந்தத் திருப்பத்தில் ஒரு கல்லை வேண்டுமென்றே ஆடும்படி விட்டிருந்தார்கள். மிதித்தால் டொக். சம்பளம் கேட்காத காவல்காரன்.

சம்பளம் இல்லாத இன்னொரு காவல் ஈஷ்பெல். ஒரு கல்கூடக் களவு போகாமல் பார்த்துக்கொள்ளும்வரை கரைவீட்டில் இருந்துகொள் என்று பழைய கட்டடங்களைக் காக்கும் எடின்பரோ அறக்கட்டளை அவளை விட்டிருந்தது. கல் போனால் வீடும் போகும். இறந்த கணவனின் தம்பி டோர்குல் அதற்குத்தான் காத்திருக்கிறான் என்பது அவள் முடிவு. கோடைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட ஏற்கெனவே இரண்டு வீடு வைத்திருக்கிறான். இந்த வீட்டைப் பார்க்கும்போது அவன் கண், சந்தையில் மாட்டின் பல்லைப் பார்க்கிறவன் கண்ணாகிவிடும்.

இந்தக் கோடையில் மழை பொய்த்து ஏரி இறங்கியபோது பாதை வெளியே தெரிந்தது. வேறு தீவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் அன்றுதான் அதை முழுசாகப் பார்த்தாள். ஆடும் கல்லுக்கும் திட்டுக்கும் நடுவே, யாராலும் தாண்ட முடியாத அகலத்துக்குக் கல்லே இல்லை.

நேராக டோர்குலிடம் போய் நின்றாள்.

“உன் தோட்டத்துச் சுவர் புதுசா இருக்கே.”

“அது குவாரிக் கல்லு அண்ணி. எங்க தாத்தா காலத்துலயே அந்த இடம் காலிதான். யாரும் அடைக்கமாட்டாங்க.”

“ஏன்?”

“அடைக்கமாட்டாங்க, அவ்வளவுதான்.”

“கையும் களவுமா மாட்டினவன் பேசுற பேச்சு இது. நீயே கல்லு கொண்டாந்து அடைக்கிறியா, எடின்பரோவுக்குப் போன் போடட்டுமா?”

போன் போட்டால் முதலில் தெருவுக்கு வருவது தான்தான் என்பதை அவள் சொல்லவில்லை. பேரத்தில் எல்லாவற்றையுமா சொல்வார்கள்? அவன் முணுமுணுத்துக்கொண்டே டிராக்டரில் கல் கொண்டுவந்தான். இருவருமாக அடைத்தார்கள். இலையுதிர்கால மழையில் ஏரி ஏறிப் பாதையை மூடியது.

இப்போது இந்த ஒற்றைச் சத்தம். கூடவே, முந்தாநாளிலிருந்து வீட்டுக்குள் ஒரு வாசனை: ஏரியடிச் சேறு, அழுகிய நாணல், நனைந்த கம்பளி. பரணுக்குப் போகும் ஏணிப்படிகளில் ஈரம். பூட்டியிருந்த பரண் கதவு ஒருக்களித்திருந்தது. அவள் கோழிக்கூண்டுப் பக்கம் போன நேரத்தில் டோர்குல் நுழைந்து அறைகளை அளந்திருக்கிறான். வேறென்ன.

வாசல் தட்டப்பட்டது. டோர்குல்தான், கையில் காகிதத்தில் சுற்றிய மீன். அவன் காலணிகள் காய்ந்திருந்ததை அவள் முதலில் பார்த்தாள்.

“மாத்திப் போட்டுட்டு வந்தியா?”

“எதை?”

“ஏரிக்குள்ள போன பூட்ஸை.”

அவன் சிரிக்க வாய் திறந்தான். டொக்.

இருவரும் ஜன்னலைப் பார்த்தார்கள். “உன் கூட்டாளியா?” என்றாள்.

“எத்தனை நாளா கேக்குது அண்ணி?”

“மூணு நாளா. நேத்துவரைக்கும் போற சத்தம் மட்டும்தான், திரும்பி வர்ற சத்தம் இல்ல. படகுல ஏத்திக் கடத்துறியா?”

டோர்குல் மீனை மேசைமேல் வைத்தான். “அது போற சத்தம்னு உங்களுக்கு யார் சொன்னா?”

கடப்பாரையையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு அவன் வெளியே நடந்தான். நாம் வைத்த கல்லைப் பிடுங்கப் போகிறேன் என்றான். நினைத்தேன், என்று அவள் பின்னாலேயே போனாள். கடைசியில் கல்தானே அவனுக்கு வேண்டும்.

கரையில் நின்றாள். அவன் தண்ணீருக்குள் இறங்கினான். திருப்பத்தில் டொக். அது அவன். திட்டுக்குப் பக்கத்தில் குனிந்து கல்லுக்கடியில் கடப்பாரையை நுழைத்தான். இரும்பு கல்லில் உரசுவது கேட்டது. டார்ச் வெளிச்சம் மதிலின் வாசலில் ஏறி நின்றது. நெடுநேரம் அங்கேயே நின்றது.

“அண்ணி.” சந்தைப் பேச்சுக் குரல் இல்லை அது. “கதவுக்குக் குறுக்கே கட்டை போடுற குழி இருக்குல்ல. இந்த வாசலுக்கு இடமும் வலமும் இருக்கு.”

“இருந்தா?”

“வெளிப்பக்கமா இருக்கு.”

வெளிச்சம் தண்ணீருக்குள் போனது. அணையவில்லை. அடியில் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

“டோர்குல்?”

டொக்.

நடை அவனுடையதா என்று பார்த்தாள். இருட்டில் ஒரு உருவம், திருப்பத்தில் தடுமாறாமல் திரும்பியது. பாதையைத் தேடவில்லை. அதற்குப் பாதை தெரியும்.

டொக். அதற்குப் பின்னால் இன்னொன்று.

ஓடினாள். கதவைச் சாத்தினாள். உள்தாழ்ப்பாள். முதுகை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள்.

கூழாங்கல்மேல் ஈரமான காலடி. வாசல்வரை வந்தது. நின்றது.

தட்டவில்லை. தள்ளவில்லை.

ஏதோ கனமான கட்டை தரையில் இழுபட்டது. கதவுக்குக் குறுக்கே, வெளிப்பக்கமாக, நிதானமாகப் பொருத்தப்பட்டது. பிறகு காலடிகள் விலகிப் போயின.

இந்த வீட்டிலிருந்து இனி அவளை யாராலும் வெளியேற்ற முடியாது.

மூச்சு விட்டாள். சேற்று வாசனை. வெளியிலிருந்து வரவில்லை.

மூன்று நாளாகக் கேட்ட ஒவ்வொரு சத்தமும் ஒரு வருகை. திரும்பிப் போனது ஒன்றும் இல்லை.

பரண் கதவு திறந்தது. ஏணியின் மேல்படியில், அடுப்பு வெளிச்சத்தில், நீர் சொட்ட ஒரு பாதம் இறங்கியது. அதன் பக்கத்தில் இன்னொன்று.

இரண்டும் வலது கால்.