மீன் எலும்புப் பொடி

காலை ஒன்பது மணிக்கு அவள் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தபோது அந்த டப்பா மேசை மேல் காத்திருந்தது. முட்டி வலிக்கான மீன் எலும்புப் பொடி. உணவு ஆய்வாளர் கடையிலிருந்து எடுத்து அனுப்பியிருந்தார். உள்ளே இருப்பது மீன்தானா, இல்லை மாடோ பன்றியோ கலந்திருக்கிறதா என்று அவள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதே டப்பா அவள் வீட்டுச் சமையலறையிலும் இருந்தது. மாமியாருக்கு அது இல்லாமல் பொழுது விடியாது.

பொடியைக் கரைத்து, நொதி சேர்த்து, வெந்நீர்த் தொட்டியில் வைத்தாள். மீன் வாடை வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது வேறு. பல மாதம் துவைக்காத தலையணை உறையின் வாடை. எண்ணெய்ப் பிசுக்கும் வியர்வையும் காய்ந்த எச்சிலும் கலந்து, மூக்கு வழியே இறங்கித் தொண்டையில் படலமாக ஒட்டிக்கொண்டது. இரண்டு முகக்கவசம் போட்டும் போகவில்லை.

மதியத்துக்குள் சாம்பிள் தயாரானது. மெல்லிய எஃகுக் குழாய்க்குள் பம்பு அதைத் தள்ள, புரதத் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து வந்தன. மாஸ் ஸ்பெக் கருவி ஒவ்வொன்றையும் எடை போட்டது. அது எந்த உயிரின் எலும்பு என்பதை அந்த எடைகள் காட்டிக்கொடுத்துவிடும்.

மீன் இல்லை. மாடு இல்லை. பன்றியும் இல்லை.

மனிதன்.

பக்கத்து மெஷினைப் பார்த்துக்கொள்ளும் மூத்த ஆய்வாளர் எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு சாம்பிளுக்கும் நடுவே வெறும் கரைப்பானை ஓட்டச் சொல்லி எல்லார் உயிரையும் வாங்குவதால் அவருக்கு 'பிளாங்க் அண்ணன்' என்று பெயர்.

"தலையைச் சொறிஞ்சியா? உன் தோல் உதிர்ந்து விழுந்திருக்கும்."

"உதிர்ற தோல்னா கெரட்டின்தானே வரும்ணே? இது கொலாஜன். எலும்புல இருக்கிறது."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. "எதுக்கும் ஒரு பிளாங்க் ஓட்டு."

வெறும் கரைப்பான். திரையில் கோடு தரையோடு தரையாகப் போக வேண்டும்.

போகவில்லை.

கோட்டில் அதே முகடுகள். முன்னைவிட உயரமாக.

மறுபடி ஓட்டினாள். இன்னும் உயரம்.

அண்ணன் குனிந்து கழிவு பாட்டிலைப் பார்த்தார். தண்ணீர் போலத் தெளிந்திருக்க வேண்டிய திரவத்தின் மேல் பாலாடை மாதிரி ஒன்று மிதந்தது. அதில் சுருக்கங்கள் இருந்தன. மெல்லிய பூனைமுடிகள் இருந்தன. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மேலெழும்பி, மெல்ல அமிழ்ந்தது.

மூச்சு விடுவது போல.

"தொடாதே," என்றார் அண்ணன், காற்றுக் குரலில்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தினமும் காலையில் அந்தப் பொடியைப் பாலில் கலப்பது அவள். சர்க்கரை சரியா என்று கரண்டியை நக்கிப் பார்ப்பதும் அவள். வாய்க்குள் தன் நாக்கே வேறு யாருடையதோ போலக் கிடந்தது. கை கழுவும் தொட்டிக்கு ஓடினாள். வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினாள். வீட்டுக்கு போன் போட்டாள்.

"அத்தை, அந்தப் பொடியைத் தொடாதீங்க."

மறுமுனையில் சப்புக் கொட்டும் சத்தம்.

"அத்தை?"

"வலியே இல்லம்மா," என்றது குரல். "எங்க யாருக்குமே வலி இல்ல."

அவள் ஓடி வந்தபோது வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. ஆறு வருடமாகத் தரையில் உட்கார முடியாத மாமியார், சமையலறையில் குந்தியிருந்தார். டப்பாவை மடியில் இடுக்கி, விரலை எச்சில் செய்து உள்ளே துழாவி நக்கிக்கொண்டிருந்தார். பல்லிடுக்கெல்லாம் வெள்ளைக் களிம்பு. அதே தலையணை வாடை.

"குடுங்க அத்தை."

"கொட்டிடாதே." ஒரே வாயிலிருந்து ஆணின் இருமலும் குழந்தையின் விசும்பலும் வந்தன. "எங்களைக் கொட்டிடாதே."

டப்பாவைப் பிடுங்கி எறிந்தாள். உப்புத் தண்ணீரைக் கரைத்து வலுக்கட்டாயமாகப் புகட்டினாள். மாமியார் கக்கினார். வெள்ளையாக, நூல் நூலாக, ஒரு வயிறு கொள்ளும் அளவைத் தாண்டியும் வந்துகொண்டே இருந்தது. அவள் கைகளில் வழிந்தது உடம்புச் சூட்டோடு இருந்தது. அவளும் தொண்டைக்குள் விரலை விட்டுக்கொண்டாள்.

கடைசியில், "ஐயோ, என் முட்டி!" என்று அலறினார் மாமியார். "மசமசன்னு நிக்கிறியே, தூக்கி விடேன்!"

அந்தத் திட்டைக் கேட்டு அவள் அழுதுவிட்டாள்.

மறுநாள் ஆய்வறிக்கையில் பார்த்ததை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்தப் பொடிக் கம்பெனியின் கிடங்கைப் போலீஸ் உடைத்தபோது உள்ளே மூட்டை மூட்டையாக எலும்பு. செத்த பிறகு யாரும் கேட்டு வராத நோயாளிகளை ஆஸ்பத்திரி புதைத்த நிலத்திலிருந்து தோண்டியவை. மிஞ்சியதை எல்லாம் திரும்ப அங்கேயே அடக்கம் செய்ய மூன்று வாரம் ஆனது.

"நானும் வரேன்," என்றார் மாமியார். "அவங்களைத் தின்னவ நான். மன்னிப்பு கேக்காம எனக்குச் சோறு இறங்காது."

அவள், மாமியார், பிளாங்க் அண்ணன். மூன்று பேர்தான் போனார்கள். வேறு யார் வரப்போகிறார்கள்? உச்சி வெயிலில் மூட்டைகள் குழிக்குள் இறங்கின. மாமியார் கைகூப்பி முணுமுணுத்தார்.

குழி மூடிக்கொண்டிருந்தவர் பாதியில் மண்வெட்டியை வைத்துவிட்டு அவளருகே வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. உங்ககூட வந்த அத்தனை பேரும் குழியைப் பாக்காம, ஏன் உங்க ரெண்டு பேர் வாயையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க?"