வெற்று மேடையின் எடை

பெரம்பலூர் அறையில் சமர்த்தாக ஓடிய புரோகிராம், ரெட்டிபாளையம் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குவாரியில், லாரி எடைபோடும் அறையில், ஒரு ஃபைல் இல்லை என்று அடம்பிடித்தது. அதை எழுதிய காமில் மறுபடி ஓட்டிப் பார்த்தான். அதே பதில். வெளியே இருக்கும் எடைமேடை சொல்வதைக் கம்ப்யூட்டர் கேட்க அந்த ஃபைல் வேண்டும். தன் கம்ப்யூட்டரில் அது எப்போதும் இருந்ததால் பிளாப்பியில் எடுத்துவரத் தோன்றவே இல்லை, மடையனுக்கு!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். லாரியும் இல்லை, கேட்டில் வாட்ச்மேன் வைரக்கண்ணுவைத் தவிர ஆளும் இல்லை. முதலாளி ராஜராஜனுக்குப் போன் போட்டான்.

"நாளைக்கு மொத லாரி வர்றப்ப ஓடணும். இல்லன்னா வேற வேலை பாத்துக்க."

"ஓட்டிடறேங்க சார்."

வேறென்ன சொல்வான்? லப்பைக்குடிக்காட்டில் வாப்பாவும் உம்மாவும் மௌத்தானபின் அவனுக்கென்று மிஞ்சியது இந்த வேலை ஒன்றுதான்.

கம்ப்யூட்டரைச் சல்லடை போட்டுத் தேடியதில், பழைய ஆபரேட்டர் உத்திராபதியின் ஃபோல்டரில் அந்த ஃபைல் அகப்பட்டது. போன வருடம் அதே மேடையில் லாரி ஏறிச் செத்துப்போன மனுஷன். காமில் தயங்கித்தான் அதை எடுத்துப் போட்டான். புரோகிராம் ஓடியது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னான்.

திரையில் எழுபது கிலோ.

ஜன்னலுக்கு வெளியே வெயிலில் காய்ந்த இரும்பின் வாடையும், சுண்ணாம்புத் தூசை உருட்டிக்கொண்டுபோகும் காற்றின் சரசரப்பும் தவிர, அந்த மேடையில் ஒரு காக்கை கூட இல்லை.

"வைரக்கண்ணு அண்ணே! மேடையில யாருங்க?"

கேட்டருகே இருந்த வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார். "ஒருத்தரும் இல்லீங்க தம்பி."

எழுபது மாறவில்லை. உத்திராபதியின் ஃபைலை அழித்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் புரோகிராம் நின்றுவிடும். வேலையும் போய்விடும். அழிக்கும் பொத்தானில் விரலை வைத்தபடி காமில் உட்கார்ந்திருந்தான்.

பூஜ்யம்.

அப்பாடா என்று மூச்சுவிட்டான். அப்புறம்தான் உறைத்தது. இறங்கியிருக்கிறது.

வாசற்படியில் தூசு நெரிபட்டது. அறைக்குள் ஒரு செருப்புச் சத்தம். நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது.

"அண்ணே..." என்று ஜன்னல் பக்கம் திரும்பினான்.

நாற்காலியின் வயர்ப் பின்னல் முனகியது. மெல்லக் கீழே தொய்ந்தது. அவன் தொடைகளின் மேல் ஒரு முழு ஆளின் கனம், தன் இடத்தில் உட்காருகிறவரின் நிதானத்தோடு, அமர்ந்தது.

அவன் விரலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அது கீபோர்டைத் தட்டத் தொடங்கியது.