ஏழாம் அறைச் செங்கல்

அந்தக் கட்டடம் நூறு வருஷம் சிறைச்சாலையாக இருந்தது. இப்போது நவீன ஓவியக் காட்சிக்கூடம். கைதிகள் போய்விட்டார்கள், கதவுகள் மட்டும் பழைய புத்தியை விடவில்லை.

அதிலும் ஏழாம் அறையின் கம்பிக் கதவு பொல்லாதது. காற்றடித்தால் தானாகச் சாத்திக்கொள்ளும். அப்புறம் உள்ளேயிருந்து திறக்கவே முடியாது. அங்கே துப்புரவு வேலை பார்த்த அம்மா, அதற்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்திருந்தாள்.

திறப்பு விழாவன்று காலை மேலாளர் அந்தச் செங்கல்லைப் பார்த்து முகம் சுளித்தார். கலைக்கு நடுவே இது என்ன கண்றாவி என்று பத்துப் பேர் முன்னால் அம்மாவைத் திட்டினார். செங்கல் கொல்லைக்குப் போனது. அம்மாவோடு வந்திருந்த மகள் வாலுவுக்கும் ஓர் உத்தரவு கிடைத்தது: எதையும் தொடக் கூடாது.

வாலு என்பது வீட்டில் வைத்த செல்லப் பெயர். வயது ஒன்பது. அம்மாவுக்கு இன்னொரு திட்டு வாங்கித் தரக் கூடாதே என்று, அன்று முழுக்கக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே சுற்றினாள்.

மாலையில் விருந்தினர்கள் வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஏழாம் அறையில் ஒரே சத்தம். வாலு ஓடிப்போய்ப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே மேலாளர், கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

"கதவத் தெறங்க. நெஜமாவே மாட்டிக்கிட்டேன்."

வெளியே இருபது பேர் பயபக்தியோடு நின்றிருந்தார்கள்.

"மனுஷன் என்னமா நடிக்கிறார்," என்றார் குறுந்தாடிக்காரர்.

சுதந்திரத்தைப் பற்றித்தான் சொல்கிறார் என்று கறுப்புக் கண்ணாடிக்காரர் விளக்கினார். மேலாளர் உலுக்க உலுக்கக் கைதட்டல் கூடியது.

வாலு அவர் முகத்தைப் பார்த்தாள். வேர்வை கொட்டியது, கண் கலங்கியிருந்தது. நல்லா வேணும் என்று ஒரு நொடி தோன்றியது. அடுத்த நொடியே பாவமாகிவிட்டது.

"சார், கதவத் தொடலாமா?"

"தொடும்மா, தாயே," என்றார் மேலாளர்.

அம்மா தினமும் செய்வது போலவே, வாலு கதவின் அடியில் காலால் ஓர் எத்து எத்தி, பிடியைத் தூக்கி இழுத்தாள். கதவு முனகிக்கொண்டே திறந்தது.

"பாப்பா நடிப்பும் பிரமாதம்," என்றார் குறுந்தாடிக்காரர்.

மேலாளர் நேரே கொல்லைக்கு ஓடினார். செங்கல்லைத் தானே தூக்கி வந்து, அதே பத்துப் பேர் முன்னால் அம்மாவிடம் கேட்டார்: "எங்க வெக்கணும்? நீங்களே சொல்லுங்கம்மா."

அம்மா இடத்தைக் காட்டினாள். பக்கத்தில் ஓர் அட்டையும் வந்தது: 'தொடக் கூடாது.'

மறுநாள் அந்தச் செங்கல்லைச் சுற்றித்தான் கூட்டம். கறுப்புக் கண்ணாடிக்காரர் குனிந்து, நிமிர்ந்து, பெருமூச்சு விட்டார்.

"ஆஹா. இது யாரோட படைப்பு?"

"எங்கம்மாவோடது," என்றாள் வாலு.